பைன் போன்சாய்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

ஜப்பானில் சைத்தாமாவில் 11 வருடமாகக் கரும்பைனைப் போன்சாயாக, அதாவது தொட்டியில் குட்டை மரமாக, வளர்க்கிறேன். தெரிந்தவரை சொல்கிறேன்.

நியூ ஜெர்சியிலிருந்து: குருத்தை எப்போது வெட்டுவது, அக்கா?

வசந்தத்தில் கிளை நுனியில் மெழுகுவர்த்தி போல நிமிர்ந்து வரும் குருத்தை அடியோடு வெட்டினால், கரும்பைன் அதே வருடம் மறுபடி துளிர்க்கும். இரண்டாவது துளிரில் ஊசிகள் (பைனின் இலைகள்) குட்டையாக வரும், அதற்குத்தான் இவ்வளவு பாடு. குளிர் தொடங்க ஏறக்குறைய 100 நாள் இருக்கும்போது வெட்டுங்கள். இங்கே அது ஜூன் நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை. நோஞ்சான் கிளைகளை முதலில் வெட்டிவிட்டு, 10 நாள் கழித்து உச்சிக் கிளைகளுக்குப் போவேன். முன்னால் வெட்டியவற்றுக்குக் கூடுதல் நாள் கிடைப்பதால் மரம் சமமாகும். வெட்டிய இடத்தில் பிசின் துளியாக நிற்கும், கத்தரியின் வாய் ஒட்டிக்கொள்ளும். சில வாரத்தில் வெட்டைச் சுற்றிக் குண்டூசித் தலை அளவு மொட்டுகள் தெரியும். இலையுதிர் காலத்தில் இடத்துக்கு இரண்டை விட்டு மீதியைக் கிள்ளிவிடுங்கள். தொட்டி மாற்றிய வருடம் மட்டும் குருத்தில் கை வைக்காதீர்கள்.

சென்னையிலிருந்து: ஏசி அறையில் வைக்கலாமா?

கூடாது. பைனுக்கு நேர் வெயிலும் காற்றும் வேண்டும், குளிர்காலமும் வேண்டும். சென்னையில் சவுக்கில் போன்சாய் செய்யுங்கள். பைன் போன்ற தோற்றம் வரும், உங்கள் வெயிலையும் தாங்கும்.

டொராண்டோவிலிருந்து: பனிக்கு உள்ளே எடுக்கவா?

சூடில்லாத கராஜுக்கு எடுங்கள், ஹாலுக்கு வேண்டாம். கிளை தாங்கும் குளிரைத் தொட்டிக்குள் இருக்கும் வேர் தாங்காது. மண் முழுக்கக் காயாமல் அவ்வப்போது தொட்டுப் பாருங்கள்.

ஊட்டியிலிருந்து: தொட்டி மாற்றும்போது வேரில் வெள்ளைப் பூஞ்சை. கழுவட்டுமா?

கழுவாதீர்கள்! வேரோடு கூட்டாக வாழும் பூஞ்சை அது, பைனுக்கு நீரும் சத்தும் எடுத்துக் கொடுக்கிறது. குருத்து நீளும் முன், குளிர் விடும் நேரத்தில் மாற்றுங்கள், பழைய மண்ணில் பாதியையாவது விட்டுவையுங்கள். அப்புறம், அந்த வருடம் குருத்து வெட்டு கிடையாது.

லண்டனிலிருந்து: வெண்பைனுக்கும் குருத்தை முழுக்க வெட்டினேன். இரண்டு மாதமாகப் பச்சையாகத்தான் இருக்கிறது. வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

பைன் செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாக நிற்கும், அதனால்தான் பயப்படச் சொல்கிறேன். கொத்துக்கு இரண்டு ஊசி கரும்பைன், ஐந்து ஊசி வெண்பைன். வெண்பைன் வருடத்துக்கு ஒரு முறைதான் துளிர்க்கும். அதன் குருத்து இளசாக இருக்கும்போது நுனியை மட்டும் விரலால் கிள்ள வேண்டும். நானும் ஒரு முறை கீழ்க்கிளையில் முழுக்க வெட்டினேன். மறு வசந்தம் வரை பச்சையாக இருந்த கிளை, அதற்குப் பிறகு காய்ந்துவிட்டது. ஊசியே இல்லாத மொட்டைக் கிளையிலிருந்து பைன் மறுபடி துளிர்ப்பது அரிது.

லண்டன் மறுபடியும்: என் மரம் கரும்பைன் வேரில் ஒட்டுப் போட்டது. அதனால் இரண்டாம் துளிர் வரும்.

நல்ல வாதம், பல பேர் நம்புவதும்தான். வேர் வலுவைக் கொடுக்கும், துளிர்க்கும் வழக்கத்தை மாற்றாது. அது மேலே ஒட்டிய வெண்பைனுடையது. வெண்பைன் பலவீனமான மரம் என்று நான் சொல்லவில்லை. 1945-ல் ஹிரோஷிமா குண்டுக்குத் தப்பிய யமாகி குடும்பத்து மரம் வெண்பைன்தான். 1976-ல் அமெரிக்காவுக்குப் பரிசாகப் போனது, இன்றும் வாஷிங்டனில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அதன் போக்கைப் பார்த்துத் தொட்டிருக்கிறார்கள்.

பெங்களூரிலிருந்து: ஹாலில் வைக்கலாமா?

வெளியே வையுங்கள். சென்னைக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

சிங்கப்பூரிலிருந்து: ஜன்னலோரமாவது?

வேண்டாம். உங்களுக்கும் சவுக்குதான்.

மதுரையிலிருந்து: ஒரே நாளில் தொட்டி மாற்றி, கிளையை வளைக்கக் கம்பி சுற்றி, குருத்தும் வெட்டி முடிக்கலாமா?

மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்: வருடத்துக்கு ஒரு பெரிய வேலை போதும்.

லண்டன் நண்பரே, கத்தரியை வைத்துவிட்டு ஒவ்வொரு கிளையிலும் பழைய ஊசி எத்தனை கொத்து மிஞ்சியிருக்கிறது என்று எண்ணிச் சொல்லுங்கள். கீழ்க்கிளைகளிலிருந்து தொடங்குங்கள்.