மூன்று மாதக் குட்டிக்கு எவ்வளவு சாப்பாடு?

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று மாத ஆண் நாய்க்குட்டி ஒன்று நிற்கிறது. தாய் ஊர்நாய், தகப்பன் அல்சேசன். நிறை 5 கிலோ. காலையில் பால், மத்தியானமும் இரவும் சோற்றுக்குள் மீன்குழம்போ சொதியோ விட்டுப் பிசைந்து வைக்கிறோம். எவ்வளவு வைத்தாலும் நக்கி முடித்துவிட்டு இன்னும் கேட்கிறது. வயிறு பானை மாதிரி இருக்கிறது, ஆனால் முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது. முன்கால்கள் இரண்டும் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பினமாதிரிக் கிடக்கின்றன. கடையில் கல்சியம் சிரப் கொடுக்கச் சொன்னார்கள். எவ்வளவு சாப்பாடு, எத்தனை தரம் கொடுக்கவேண்டும்?
— வாசகி, கோண்டாவில்

பதில்: உங்கள் குட்டிக்கு இப்போது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 700 கலோரி வேண்டும். அதை மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். இந்த எண் எப்படி வந்தது என்று தெரிந்தால், அடுத்த மாதம் நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். கைத்தொலைபேசியில் உள்ள கல்குலேற்றர் போதும். நிறையை மூன்று தரம் தன்னோடு தானே பெருக்குங்கள்: 5 × 5 × 5 = 125. அதற்கு வர்க்கமூலம் எடுத்து, வந்த விடைக்கு இன்னொரு தரம் வர்க்கமூலம் எடுங்கள், 3.34 வரும். அதை 70 ஆல் பெருக்கினால் 234. சும்மா படுத்துக்கிடக்கவே அந்த உடம்புக்கு வேண்டிய கலோரி அது. நாலு மாதம் வரைக்கும் அதன் மூன்று மடங்கு, நாலு மாதத்துக்குப் பிறகு இரண்டு மடங்கு.

கடைசி வரியைத்தான் பலர் கவனிப்பதில்லை. நாலரை மாதத்தில் உங்கள் குட்டி ஏழரைக் கிலோவாக நின்றால், கணக்கு 635 கலோரிக்கு அண்மையில் வரும். குட்டி பெருத்துவிட்டது, சாப்பாடோ கூடவில்லை! அந்த வயதில் ஆள் வளர்கிறான் என்று கோப்பையை நிரப்பிக்கொண்டே போவதால்தான் ஆறேழு மாதத்தில் பல குட்டிகள் உருண்டுவிடுகின்றன.

இனி உங்கள் சோற்றுக் கோப்பைக்கு வருவோம். அவித்த சோறு 100 கிராமில் 130 கலோரி அளவு இருக்கிறது. சோற்றை மட்டும் நம்பி 700 கலோரி எடுப்பதென்றால், ஐந்து கிலோ உடம்புக்குள் அரைக் கிலோவுக்கும் மேல் சோறு போகவேண்டும். அவ்வளவும் உள்ளே போனாலும் கிடைக்கிற புரதம் 15 கிராம்தான். வளர்கிற குட்டிக்குக் குறைந்தது 40 கிராம் வேண்டும். குழம்புத்தண்ணி சோற்றுக்கு மணம் தரும், தசை தராது. வயிறு நிரம்பியும் உங்கள் குட்டி இன்னும் கேட்பதற்கு இது ஒரு காரணம். நல்ல சாப்பாடு கிடைக்கிற குட்டியும் கோப்பையை நக்கிவிட்டுக் கேட்கத்தான் செய்யும் என்பதையும் சொல்லவேண்டும். குட்டி கேட்பதை அளவாக வைக்காதீர்கள்.

சொதியையும் குழம்பையும் இன்றோடு நிறுத்துங்கள். உப்பும் உறைப்பும் ஒரு பக்கம், வெங்காயமும் உள்ளியும் இன்னொரு பக்கம். வெங்காயம் நாயின் சிவப்பு இரத்த அணுக்களை உடைக்கும். அவித்தாலும் வதக்கினாலும் அந்தக் குணம் போகாது. வெங்காயத்தை எடுத்து எறிந்துவிட்டுக் குழம்பை மட்டும் விட்டால் போதாதா என்று கேட்பார்கள். சாறு முழுக்கக் குழம்புக்குள்தான் இறங்கியிருக்கிறது. பாலும் வேண்டாம். பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்கு மாட்டுப்பாலில் உள்ள சீனி செமிக்காமல் வயிற்றோட்டம் வரும்.

நான் சொல்லும் ஒழுங்கு இது. இரண்டு வேளை நாய்க்குட்டிகளுக்கென்று விற்கும் பக்கற் உணவு, ஒரு வேளை வீட்டுச் சாப்பாடு. மூன்று வேளையும் வீட்டிலேயே சமைத்து, கல்சியம், பொசுபரசு, நாகம், செம்பு, விற்றமின் டி எல்லாவற்றையும் சரியாகக் கொண்டுவருவது இலேசான வேலை இல்லை. யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்கிற குட்டிக்கு விற்றமின் டி குறையுமா என்று நினைக்கவேண்டாம்; எங்களைப்போல வெயிலில் நின்று தோலில் அதை ஆக்கிக்கொள்ள நாயால் முடியாது. சாப்பாட்டில் இருந்துதான் வரவேண்டும்.

பக்கற் உணவில் 100 கிராமுக்கு 380 கலோரி என்று போட்டிருந்தால் ஒரு வேளைக்கு 62 கிராம். எண் வேறாக இருந்தால் அதற்கேற்ப மாற்றுங்கள். 'கோப்பையால் ஒன்று' என்று அளப்பது சரிவராது, உருண்டையின் பருமனுக்கு ஏற்ப நிறை மாறும். ஒரு தரம் சமையலறைத் தராசில் 62 கிராம் நிறுத்து, ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்குள் கொட்டி, அது நிற்கிற மட்டத்தில் பேனையால் கோடு போட்டுவிடுங்கள். அடுத்த பக்கற் வேறு வகை என்றால் கோட்டை அழித்துவிட்டுப் புதிதாகப் போடவேண்டும். கடையில் பையைத் திறந்துவைத்து நிறுத்துத் தருகிற உணவை வாங்காதீர்கள். எண்ணெய் காறிப்போயிருக்கும், கலோரி எத்தனை என்று பார்க்க உறையும் இராது.

வீட்டு வேளைக்கு, சோறு 80 கிராம், சூடை மீன் 70 கிராம், நல்லெண்ணெய் அரைத் தேக்கரண்டி, கொஞ்சம் மசித்த பூசணி. மீனைக் குடல் எடுத்து, உப்புப் போடாமல் பிரஷர் குக்கரில் அரை மணித்தியாலத்துக்கு மேல் அவியுங்கள். நடு முள்ளை இரண்டு விரலுக்கிடையில் வைத்து நசித்தால் மாவாகப் போகவேண்டும். குத்தினால் இன்னும் அவியவேண்டும். முள்ளோடு மசிக்கும்போது கல்சியமும் அதிலேயே வந்துவிடுகிறது. தேங்காயெண்ணெய் விடாமல் நல்லெண்ணெய் சொல்வதற்குக் காரணம், தோலுக்கும் மயிருக்கும் வேண்டிய லினோலெயிக் அமிலம் தேங்காயெண்ணெயில் மிகக் குறைவு. மீன் கிடைக்காத நாளில் எலும்பில்லாத கோழி இறைச்சி 70 கிராம் அவித்துப் போடலாம். அன்றைக்கு மட்டும் முட்டைக்கோதுத் தூள் கால் தேக்கரண்டி சேர்க்கவேண்டும். கோதைக் கழுவிக் காயவைத்து, கரகரப்பே இல்லாமல் அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அவித்த கோழி எலும்பு வேண்டாம், அது சிராய்போல உடைந்து குடலைக் குத்தும்.

மாற்றத்தை ஒரே நாளில் செய்யாதீர்கள். ஏழு நாளில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். கோப்பையை வைத்துப் பதினைந்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். இந்த வெக்கையில் பிசைந்த சாப்பாடு விரைவில் புளித்துவிடும், அதற்கு முன்னரே எறும்பு வந்துவிடும். தண்ணீர் எப்போதும் இருக்கவேண்டும். இடையில் பிள்ளைகள் கொடுக்கிற மாரி பிஸ்கற் ஒன்றில் 25, 30 கலோரி இருக்கிறது. நாளுக்கு இரண்டோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு வேளை போதும்.

கல்சியம் சிரப் வேண்டாம். சோறும் இறைச்சியும் மட்டும் தின்கிற குட்டிக்குக் கல்சியம் குறையும், பொசுபரசு மிஞ்சும். இரத்தத்தில் கல்சியம் இறங்காமல் பார்க்க, உடம்பு எலும்பைக் கரைத்து எடுக்கும். எலும்பு மெலிந்து கால் வளையும், சின்னப் பாய்ச்சலுக்கே முறியும். இது ஒரு பக்கம். மறுபக்கம், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடலுக்கு மிஞ்சின கல்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாது, கொடுத்ததில் பெரும்பங்கை உள்ளே இழுத்துவிடும். பக்கற் உணவுக்கு மேல் சிரப்பும் விட்டால், குருத்தெலும்பு ஒழுங்காக எலும்பாக மாறாமல், அதே கால் வேறு விதமாகக் கோணும். குறைந்தாலும் கோணல், கூடினாலும் கோணல். பெரிய இனக் குட்டிகளில் இது இன்னும் கடுமை. தகப்பன் அல்சேசன் என்பதால் பக்கற்றின் பின்பக்கத்தில் கல்சியம் 1 முதல் 1.5 வீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணியில் சுண்ணாம்பு தாராளம், அது போதாதா என்றும் சிலர் கேட்பதுண்டு. கடினமான தண்ணியில்கூட ஒரு லீற்றருக்குச் சில நூறு மில்லிகிராமுக்கு மேல் இராது, உங்கள் குட்டிக்கு வேண்டியது நாளுக்கு இரண்டு கிராமளவு.

முதுகெலும்பு தெரிய வயிறு மட்டும் ஊதி நிற்பது பெரும்பாலும் வயிற்றுப்பூச்சி. உருளைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றும், கொழுக்கிப்புழு பாலோடு வரும். இரண்டு கிழமையில் தொடங்கி மூன்று மாதம் வரை இரண்டு கிழமைக்கு ஒரு தரம், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு தரம் பூச்சிமருந்து கொடுக்கவேண்டும், அதுவும் அன்றைய நிறைக்கு ஏற்ப. முற்றத்து மண்ணில் விளையாடுகிற பிள்ளைகளுக்கும் இந்தப் புழு பரவும். குட்டியின் உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் மிருக வைத்தியரிடம் போவதை நாளை என்று தள்ளவேண்டாம்.

அளவு சரியா என்பதை இனிமேல் கையால் பாருங்கள். ஒரு கையைப் பொத்திப் பிடித்து, மற்றக் கையின் விரலால் மொழிகளைத் தடவுங்கள். விலா அப்படித் தட்டுப்பட்டால் மெலிவு. விரித்த புறங்கையைத் தடவுவதுபோல இருந்தால் சரி. உள்ளங்கைச் சதைபோல மெத்தென்றால் கொழுப்பு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குட்டியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் நிறையைக் கழித்து எழுதிவையுங்கள். வளர்ந்தபின் 20 கிலோ வரக்கூடிய குட்டி, ஐந்து மாதம் வரை கிழமைக்கு 300 முதல் 550 கிராம் ஏறவேண்டும். அதற்குக் கீழே நின்றால் சாப்பாட்டைப் பத்து வீதம் கூட்டுங்கள், மேலே போனால் பத்து வீதம் குறையுங்கள். குறைக்க மனம் வராதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: 48 லேப்ரடோர்களைக் குட்டிப்பருவம் தொட்டுப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2002இல் வெளிவந்தது. கால் பங்கு குறைத்துத் தின்றவை ஏறத்தாழ இரண்டு வருடம் கூட வாழ்ந்தன.

வெள்ளிக்கிழமையும் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வீட்டில் மச்சம் சமைக்கமாட்டீர்கள் என்றால், அந்த நாட்களில் மூன்று வேளையும் பக்கற் உணவு கொடுங்கள். பருப்பும் சோறும் கொடுத்து 25 நாள் ஓட்டுகிற வயது இதில்லை. கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை முன்பே மாற்றத் தொடங்குங்கள். பந்தல் வைத்து முந்திரிகை (திராட்சை) வளர்ப்பவர்கள் விழுந்த பழத்தைக் கூட்டி அள்ளிவிடவேண்டும். முந்திரிகைப்பழமும் கேக்குக்குப் போடும் பிளம்சும் (காய்ந்த முந்திரிகை) நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கால்களை நேரில் பார்க்காமல் ஒன்றும் சொல்லமுடியாது, எக்ஸ்ரேயும் வேண்டிவரலாம். இந்தக் கிழமைக்குள் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். போகும்போது அன்று காலை போன மலத்தில் கொஞ்சம் ஒரு மூடிப் போத்தலில் எடுத்துக்கொள்ளுங்கள், கடையில் தந்த சிரப் போத்தலையும் மறக்காமல் காட்டுங்கள்.