மண்டபத்துக்கு வேண்டியது இன்னொரு ஸ்பீக்கர் இல்லை

அம்மாபேட்டையில் சின்னதாகக் கல்யாண மண்டபம் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: சாப்பாட்டு ஹாலில் ஒரே இரைச்சல், பக்கத்து இலைக்காரர் பேசுவதே காதில் விழவில்லை என்று கல்யாண வீட்டார் குறைப்படுகிறார்கள், மேடையில் நடப்பதும் அங்கே புரிவதில்லை; பெரிய ஸ்பீக்கர் ரெண்டு போடலாமா?

வேண்டாம் அண்ணே. அந்தக் காசைக் கூரையில் போடுங்கள்.

காலி ஹாலின் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். டப்பென்று அடங்காமல் இழுத்துக்கொண்டே போகிறதா, கோளாறு அதுதான். டைல்ஸும் கான்கிரீட்டும் கழுவ வசதி, ஆனால் தம்மேல் படும் சத்தத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் விழுங்கும், மீதியைத் திருப்பி அடிக்கும். நீங்கள் எழுதிய 20 மீட்டர் நீளம், 10 அகலம், 4 உயரம் என்ற அளவை, அறையில் சத்தம் அடங்கும் நேரத்தைக் கணக்கிடும் சபைன் சூத்திரத்தில் போட்டால், சத்தம் அடங்க 6 வினாடிக்கு மேல் ஆகிறது. கூட்டம் வந்தால் உடம்பும் உடுப்பும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், சரி, ஆனால் அந்தக் கூட்டமே பேசுமே! இரைச்சல் ஏற ஏற நாமும் அறியாமலே குரலை உயர்த்துவோம், பக்கத்து ஆளும் உயர்த்துவார். 1911-லேயே லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் கவனித்துச் சொன்னது இது. இதில் பெரிய ஸ்பீக்கரையும் வைத்தால் அதோடும் போட்டி போட்டுக் கத்துவார்கள்.

நான் சேலம் குகைப் பகுதியில் தறி ஓடும் வீட்டில் வளர்ந்தவன். தறி ஓடும்போது அம்மா சாப்பிடக் கூப்பிட மாட்டார், விரலைக் குவித்து வாயருகே காட்டுவார், அவ்வளவுதான். உங்கள் பந்தியிலும் அதேதான் நடக்கிறது: காது மந்தமான பெரியவர் சும்மா சிரித்துத் தலையாட்டிவிட்டு, பாயசம் வருவதற்குள் இலையை மடித்துவிடுகிறார்.

கூரையில் பாதி, அதாவது சுமார் ஆயிரம் சதுர அடிக்கு, 50 மில்லிமீட்டர் ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பலகையைத் துணி போர்த்தி மாட்டுங்கள். கணக்குப்படி 6 வினாடி ஒன்றரைக்குள் வந்துவிடும். தெர்மாகோல், முட்டை அட்டை யோசனையெல்லாம் வேண்டாம், சத்தத்தை வாங்காது, தீப்பிடித்தால் ஆபத்து. ஸ்பாஞ்சும் வேண்டாம், எரியும். நாதஸ்வரம் அங்கேயும் கேட்டாக வேண்டும் என்றால் சின்னப் பெட்டிகள் நாலைந்தைப் பரவலாக, தணிந்த சத்தத்தில் வையுங்கள். அப்புறம் பாத்திரம் போடும் இடத்துக்கு ஒரு கதவு, எவர்சில்வர் தட்டு விழுகிற சத்தத்துக்கு வேறு மருந்து கிடையாது.

ஆடியில் முகூர்த்தம் இருக்காது, வேலையை அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.