கதவுக்கு மேலே போகும் அந்தக் கம்பி எதற்கு?

கேள்வி: பழைய காலத்து வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். ஒவ்வொரு அறைக் கதவுக்கு மேலேயும் கண்ணாடி போட்ட சின்ன வென்டிலேட்டர் இருக்கிறது, ஒன்றுகூடத் திறக்கவில்லை. கதவு நிலையை ஒட்டி நீளமாக ஒரு கம்பி மேலே போகிறது, அதுவும் அசையவில்லை. தச்சரோ "எல்லாத்தையும் பிடுங்கிட்டுப் புதுசு போட்டுடலாம்" என்கிறார். போட்டுவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கம்பிதான் வென்டிலேட்டரின் கைப்பிடி. ஏணி போடாமல் கீழே நின்றபடியே அதைத் திறக்கத்தான் வைத்தார்கள். கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு பிடி இருக்கும், அதைத் தளர்த்திக் கம்பியை நகர்த்தினால் மேலே சட்டம் திறக்கும், இறுக்கினால் அந்த இடத்திலேயே நிற்கும். கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாலும் மேலே ஏறும் சூடான காற்று அந்த வழியாக வெளியேறிவிடும்.

பெரும்பாலும் உள்ளே எதுவும் உடைந்திருக்காது, ஒன்றின்மேல் ஒன்றாக அடித்த பெயின்ட்தான் எல்லாவற்றையும் ஒட்டவைத்திருக்கும். அதனால் கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒருமுறை வளைந்துவிட்டால் அது வளையங்களுக்குள் மறுபடி நேராக ஓடாது. சட்டத்துக்கும் நிலைக்கும் நடுவே இரண்டு பக்கமும் மெல்லிய கத்தியால் கீறிவிடுங்கள், போதும். கீல் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா, இல்லை சட்டம் நடுவில் சுழல்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், திடீரென்று விடுபட்டால் கண்ணாடியோடு தலையில்தான் விழும். இன்னொருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

இன்னொரு விஷயம், இதில் விளையாடக் கூடாது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். சோதித்துப் பார்க்கும்வரை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த உப்புத்தாள் வேண்டாம், தீயால் சுடுவதும் வேண்டாம். ஈரமாக்கிச் சுரண்டுங்கள், தூசிக்கேற்ற முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கமே விடாதீர்கள்.

அப்புறம் கழற்றும் வேலை. கழற்றுவதற்கு முன்பு போட்டோ எடுத்துவிட்டு, ஒவ்வொரு கதவின் சாமானையும் தனித்தனிப் பையில் போட்டு எந்த அறை என்று எழுதிவையுங்கள், ஏனென்றால் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒவ்வொன்றும் தன் இடத்துக்கேற்பத் தேய்ந்திருக்கும், மாற்றிப் போட்டால் முறைத்துக்கொண்டு நிற்கும். திருகின் தலைப் பள்ளத்தில் அடைத்த பெயின்ட்டைக் கூரான ஆணியால் தோண்டி எடுத்த பிறகே திருப்புளியை வையுங்கள். அப்படியும் வரவில்லையா, சால்டரிங் அயர்ன் நுனியைத் திருகின் தலையில் மட்டும் சிறிது நேரம் வைத்து எடுத்து, ஆறியதும் திருப்புங்கள்.

இரும்பு, பித்தளைச் சாமான்களைச் சமையல் சோடா கலந்த வெந்நீரில் மெல்லிய சூட்டில் ஓரிரு மணி நேரம் போட்டுவைத்தால் பெயின்ட் தோலாக உரியும். நைலான் பிரஷ் போதும், கம்பி பிரஷ் கீறிவிடும். பாத்திரம் அலுமினியமாக இருக்கக் கூடாது, அதில் மறுபடி சமைக்கவும் கூடாது. அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். எடுத்தவுடன் நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள், இல்லையென்றால் இரும்பில் உடனே துரு பூக்கும்.

பித்தளை என்று நம்பித் தேய்ப்பதற்கு முன்பு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் அடியில் இரும்பு, மேலே வெறும் முலாம்தான். நான் ஒரு கொக்கியை ஆசையாகப் பளபளக்கத் தேய்த்து, முலாம் முழுவதையும் போக்கி, சாம்பல் நிற இரும்பை மிச்சம் பிடித்தவன். இப்போதெல்லாம் மெழுகு பூசுவதோடு சரி.

திரும்பப் பொருத்தும்போது திருகு ஓட்டை தளர்ந்திருந்தால் பசை தடவிய மரச்சிம்பைச் செருகிவிட்டு முடுக்குங்கள். கம்பி ஓடும் இடத்துக்கு எண்ணெயைவிடக் கிராஃபைட் தூள் நல்லது, எண்ணெய் தூசியைச் சேர்க்கும்.

கேள்வி: ஒரு கதவில் மட்டும் கம்பியே இல்லை. புதிதாக வாங்கலாமா?

பதில்: முதலில் பழைய வீட்டுச் சாமான் விற்கும் இடங்களில் தேடுங்கள். போகும்போது கழற்றிய கம்பி ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள். கம்பியின் தடிமன், நீளம், கம்பியைச் சட்டத்தோடு இணைக்கும் கை இடப்பக்கமா வலப்பக்கமா, இந்த மூன்றும் பொருந்த வேண்டும். நீளம் கூடுதலாக இருந்தால் அறுத்துக்கொள்ளலாம், குறைந்தால் வாங்காதீர்கள். அதுவரை அந்த வென்டிலேட்டருக்கு ஒரு சங்கிலியும் கொக்கியும் போதும்.