8 விநாடி விழாமல் இருந்தும் ஏன் புள்ளி இல்லை?

கனடாவில் நடக்கும் கால்கரி ஸ்டாம்பீடு விழாவில், துள்ளும் குதிரை மேல் சேணம் போட்டு 8 விநாடி விழாமல் இருக்க வேண்டிய சவாரிப் போட்டியில் ஒருவர் 8 விநாடி முழுக்கத் தாக்குப்பிடித்தும் புள்ளி கிடைக்கவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் 'மார்க் அவுட்' தவறியிருக்கும், அதாவது கூண்டிலிருந்து பாயும் குதிரையின் முன்கால்கள் முதல் தடவை தரையில் படும்போது சவாரி செய்பவரின் குதிகால்கள் அதன் தோளுக்கு மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் கயிற்றைப் பிடிக்காமல் காற்றில் வைத்திருக்கும் கை எங்காவது பட்டிருக்கும், குதிரை மேலேயோ தன் உடம்பிலேயோ பட்டாலே போச்சு. 100 புள்ளியில் பாதி, விலங்கு எப்படித் துள்ளுகிறது என்பதற்குத்தான், அதனால் மந்தமான குதிரை வாய்த்தால் நடுவர்கள் மறுசவாரி தரலாம்.

அப்புறம், பக்கத்தில் குதிரையில் வந்து அவரை இறக்கிவிட்டவர்கள் போட்டியாளர்கள் இல்லை, பிக்கப் மேன்கள். காளைச் சவாரியில் விழுந்தவருக்கும் காளைக்கும் நடுவே ஓடிப் புகுந்து அதைத் திசைதிருப்புகிறவர்கள் புல்ஃபைட்டர்கள். உடையைப் பார்த்துக் கோமாளி என்று நினைத்துவிடாதீர்கள், அந்த அரங்கில் எனக்கு அவர்கள் மேல்தான் அதிக மரியாதை.