டேக்-ஆஃபில் இடப்பக்கம் புரண்ட ஸ்பிட்ஃபயர்: கோளாறு கையிலா, மேசையிலா?

கேள்வி: ஹை-விங் ட்ரெயினர், அப்புறம் லோ-விங் ஸ்போர்ட் விமானம் என்று இரண்டரை வருடம் ரேடியோ கன்ட்ரோல் விமானங்களைப் பறக்கவிட்ட பிறகு, பால்சா கிட் வாங்கி 1/8 அளவில் இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயரைக் கட்டினேன். இறக்கை நீளம் 1.4 மீட்டர். பெயின்ட் எல்லாம் முடிந்து பேட்டரியோடு 2.9 கிலோ. சி.ஜி. (விமானத்தின் எடை சமன்படும் புள்ளி) சரியாக வர மூக்கில் 260 கிராம் ஈயம் வைக்க வேண்டியிருந்தது. இரண்டாவது டேக்-ஆஃபில் தரையை விட்டதுமே இடது இறக்கை சரிந்தது. வலது ஏலரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்) கொடுத்தேன்; இன்னும் வேகமாக இடப்பக்கமே புரண்டு மூக்கு குத்தி விழுந்தது. மறுபடி ஒரு போர்விமானம் கட்ட ஆசை. அதே ஸ்பிட்ஃபயரைக் கட்டலாமா? இந்த முறை எதை மாற்றிச் செய்ய வேண்டும்?

பதில்: கடைசி இரண்டு விநாடிகளில் நடந்ததை முதலில் பார்ப்போம். புரொப்பெல்லர் சுழலும் திசையால் விமானம் டேக்-ஆஃபில் இடப்பக்கம் இழுக்கும். வேகம் போதுமான அளவு சேர்வதற்குள் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) இழுபட்டு விமானம் தரையை விட்டிருக்கிறது. இடது இறக்கை நுனி ஸ்டால் ஆகிவிட்டது, அதாவது காற்று அதன் மேல் ஒட்டாமல் பிரிந்து தூக்குவிசை போய்விட்டது. அந்த நேரத்தில் வலது ஏலரான் கொடுத்தால் இடது ஏலரான் கீழே இறங்கும்; ஏற்கெனவே ஸ்டாலின் விளிம்பில் இருந்த நுனியில் காற்று மோதும் கோணம் இன்னும் கூடும். நுனி மொத்தமாகக் கைவிட்டுவிடும். எலிவேட்டரைத் தளர்த்தி வலது ரட்டர் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் மடல்) கொடுப்பதுதான் அங்கே சரியான சிகிச்சை. ஆனால் ஒரு மீட்டர் உயரத்தில் அதற்கு யாருக்கும் அவகாசம் இருக்காது. ஆகவே கையைக் குறை சொல்வதில் பயனில்லை. உங்கள் கடிதத்தில் உண்மையான துப்பு 260 கிராம் ஈயம்தான்.

ஸ்பிட்ஃபயரில் சி.ஜி.யிலிருந்து வால் இருக்கும் தூரம், சி.ஜி.யிலிருந்து ஈயம் வைக்கும் மூக்குவரை உள்ள தூரத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. வாலில் 10 கிராம் கூடினால் மூக்கில் 30 கிராம் வைத்துத்தான் ஈடுகட்ட முடியும். அப்படியானால் உங்கள் 260 கிராம் ஈயம், வால் பக்கம் கூடுதலாகத் தங்கிவிட்ட சுமார் 90 கிராமுக்கான அபராதம். இரண்டையும் கழித்தால் விமானம் 2.55 கிலோ. ஸ்பிட்ஃபயரின் அசல் இறக்கைப் பரப்பு 22.48 சதுர மீட்டர். 1/8 அளவில் அது 35 சதுர டெசிமீட்டர் ஆகிறது. 2.9 கிலோவில் ஒரு சதுர டெசிமீட்டருக்கு 83 கிராம் சுமை. 2.55 கிலோவில் 73. முதலாவது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டியே ஸ்டால் ஆகும். இரண்டாவதுக்கு அதில் இரண்டு மூன்று கிலோமீட்டர் குறையும். சின்ன வித்தியாசம் போலத் தெரியும். 60 டிகிரி சாய்த்துத் திரும்பும்போது ஸ்டால் வேகம் 1.4 மடங்காகிவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அப்போது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மதிப்பு உண்டு.

அதே ஸ்பிட்ஃபயரா என்றால், கட்டுங்கள், ஆனால் இப்போது வேண்டாம். கூரிய நுனி, குறுகலான லேண்டிங் கியர், நீண்ட பின்னுடல் என்று கற்றுக்கொள்பவருக்கு எதிரான மூன்றும் அதில் ஒன்றாக இருக்கின்றன. ஜெர்மனியின் பி.எஃப். 109-ம் அதே ஜாதி. இப்போதைக்கு அதே காலத்துப் போர்விமானங்களான ஹரிகேன் அல்லது பி-47 தண்டர்போல்ட். இரண்டுக்கும் சக்கரங்கள் அகலமாக விலகி நிற்கும். பி-47-இன் அகன்ற வட்ட மூக்குக்குள் பேட்டரியைத் தாராளமாக முன்னே தள்ளலாம். ஹரிகேனில் இன்னொரு வசதி: அசல் விமானத்திலேயே பின்னுடல், மரச் சட்டங்களின் மேல் துணி போர்த்தியது. மாடலிலும் மெல்லிய ஸ்ட்ரிங்கர் (நீளவாக்கு மரக்குச்சி) ஒட்டித் துணி போர்த்தினால் அதுவே அச்சு அசலான தோற்றம், அதுவே குறைந்த எடை. அளவைக் கூட்டினால் இன்னும் நல்லது. 1/7 அளவில் ஹரிகேன் 1.74 மீட்டர் இறக்கை நீளம், 48.8 சதுர டெசிமீட்டர் பரப்பு, 3.3 கிலோ வந்தாலும் சுமை 68 கிராம்தான். சுமை ஒன்றாகவே இருந்தாலும் பெரிய விமானம் சாதுவாகப் பறக்கும். நுனியின் அகலம் கூடக்கூட அதன் மேல் காற்று ஒட்டி ஓடும். பத்து சென்டிமீட்டர் அகல நுனி மெதுவான வேகத்தில் எப்போதும் சண்டித்தனம்தான்.

இனி மேசைக்கு வருவோம். வாங்கிய பால்சா தகடுகளை எல்லாம் வெட்டும் முன் தராசில் வையுங்கள். 2 மி.மீ. தடிமன், 10 செ.மீ. அகலம், 1 மீட்டர் நீளத் தகடு ஒன்று 20 கிராம் இருக்கும், பக்கத்திலேயே அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும் இன்னொன்று 32 கிராம் இருக்கும். எடையைப் பென்சிலால் தகட்டின் மேலேயே எழுதுங்கள். 20 கிராம் தகடு வாலுக்கும் பின்னுடலுக்கும். 32 கிராம் தகடு மூக்குக்கும் ஸ்பார் (இறக்கையின் முதுகெலும்பான நீளச் சட்டம்) நடுவில் வரும் தடுப்புகளுக்கும். கிட்டில் வந்த தகடுகளையும் இதே சோதனைக்கு உட்படுத்துங்கள். வால் பாகம் கனமாக வந்திருந்தால் அதை வார்ப்புருவாக வைத்து வேறு தகட்டில் வெட்டிக்கொள்வது ஒரு மாலை வேலை. பின்பகுதியில் எபாக்சி வேண்டவே வேண்டாம், வெள்ளை மரப் பசை போதும். எபாக்சி மோட்டார் தாங்கும் முன்தட்டான ஃபயர்வாலுக்கும், லேண்டிங் கியர் தட்டுக்கும், இறக்கை நடு இணைப்புக்கும். எலிவேட்டர், ரட்டர் சர்வோக்களை (மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்களை) வாலுக்குள் புதைக்கும் வரைபடங்கள் உண்டு, அவற்றைச் சி.ஜி.க்கு அருகில் வைத்து அங்கிருந்து வால் வரை கார்பன் புஷ்ராடு (தள்ளுகம்பி) ஓட்டுங்கள்.

வாஷ்அவுட், அதாவது நுனியின் கோணம் குறையும்படி இறக்கையை முறுக்குவது, பற்றி நீங்கள் எதுவுமே எழுதவில்லை. அதுவே கொஞ்சம் கவலை தருகிறது. அசல் ஸ்பிட்ஃபயரின் இறக்கை, உடலோடு சேரும் அடிப்பகுதியில் 2 டிகிரி மேல்நோக்கியும் நுனியில் அரை டிகிரி கீழ்நோக்கியும் முறுக்கப்பட்டது. மொத்தம் இரண்டரை டிகிரி. நுனிக்கு முன் அடிப்பகுதி ஸ்டால் ஆகட்டும், விமானிக்கு நடுக்கம் எச்சரிக்கையாகக் கிடைக்கட்டும் என்பதற்காக. மாடலில் இது விருப்பத் தேர்வு இல்லை. செய்முறை எளிது: சமதளப் பலகையில் இறக்கையைக் கட்டும்போது நுனி ரிப்பின் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் தகட்டின்) பின்விளிம்புக்கு அடியில் ஒரு சீவல் கட்டையை வையுங்கள். அந்த ரிப் 14 செ.மீ. அகலம் என்றால் 2 டிகிரிக்கு 5 மி.மீ. உயரம். அடியில் பூஜ்யம், நுனியில் 5 மி.மீ. என்று சரிந்து வரும் நீளமான சாய்கட்டையாக இருந்தால் நடு ரிப்புகளும் தாமாகவே சரியாக உட்காரும். மேல் பக்க பால்சா உறையை ஒட்டி, பசை முழுக்கக் காயும்வரை பலகையிலிருந்து எடுக்கக் கூடாது. இறக்கையின் முறுக்கம் நிரந்தரமாவது ஸ்பாரில் இல்லை, உறை காயும் அந்த இரவில்தான். மாலையில் ஒட்டிவிட்டு ‘பார்த்துவிடலாமே’ என்று இரவே தூக்கிப் பார்ப்பவர்களுக்கு ஒரு பக்கம் இரண்டு டிகிரி, மறுபக்கம் அரை டிகிரி கிடைக்கும். முறுக்கம் குறைவாக இருக்கும் பக்கம்தான் முதலில் விழும். உங்கள் பழைய இறக்கையின் இடது பாதி உடையாமல் இருந்தால் கோணமானி வைத்து இதை அளந்து பாருங்கள்.

லேண்டிங் கியரைப் பொறுத்தவரை இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, சக்கரம் பின்னால் இருப்பது. விமானத்தைப் பறக்கும் நிலையில் மட்டமாகப் பிடித்தால், சி.ஜி.யிலிருந்து சக்கரம் தரை தொடும் இடத்துக்குப் போகும் கோடு செங்குத்துக்கு 15 முதல் 20 டிகிரி முன்னே சாய வேண்டும். குறைந்தால் புல்லில் மூக்கு குத்தும். கூடினால் இறங்கும்போது துள்ளும். இன்னொன்று, ரிட்ராக்டைத் (சக்கரங்களை உள்ளே மடக்கும் அமைப்பை) தாங்கும் பலகையை இரண்டு ரிப்புகளுக்கு நடுவில் மட்டும் ஒட்டுவது. 4 மி.மீ. பிளைவுட் தட்டு குறைந்தது மூன்று ரிப்புகளைப் பற்றி, முன் ஸ்பாரையும் தொட்டு நிற்க வேண்டும். அந்த ரிப்புகளுக்கு 1.5 மி.மீ. பிளைவுட் ஒத்தாசை. இல்லையென்றால் முதல் பக்கவாட்டு இறக்கத்தில் இறக்கையின் அடிவயிற்றோடு பிய்ந்து வரும். சக்கரங்கள் இணையாக இருக்கட்டும், அல்லது அரை டிகிரி உள்நோக்கி.

மோட்டார் கணக்கு சுருக்கமாக: ஒரு கிலோவுக்கு 220 முதல் 280 வாட். 3.3 கிலோ ஹரிகேனுக்கு 800 வாட் சுற்றுவட்டாரம்; 6 செல் லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் 40 ஆம்பியருக்குள் அடங்கும், 60 ஆம்பியர் இ.எஸ்.சி. (மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) போடுங்கள். மோட்டாரை 2 டிகிரி வலப்பக்கமும் 2 டிகிரி கீழ்நோக்கியும் சாய்த்துப் பொருத்துங்கள். பிற்கால கிரிஃபன் எஞ்சின் ஸ்பிட்ஃபயர்களின் புரொப்பெல்லர் மெர்லின் எஞ்சினுக்கு எதிர்த் திசையில் சுழலும். அவை டேக்-ஆஃபில் வலப்பக்கம் இழுத்தன. மாடலில் நீங்கள் எந்த ரகத்தைக் கட்டினாலும் வழக்கமான புரொப்பெல்லர் போட்டால் இழுப்பு இடப்பக்கம்தான்.

அழகு வேலையில்தான் பலருக்குக் கை எல்லை மீறும். 1.6, 1.7 மீட்டர் விமானத்தின் மொத்த மேற்பரப்பு ஒன்றரை சதுர மீட்டருக்கு மேல். சதுர மீட்டருக்கு 25 கிராம் எடையுள்ள கண்ணாடி இழைத் துணி 40 கிராமுக்குள் முடிந்துவிடும். எடை ஏறுவது ரெசினில். ரெசினைத் துணியின் நடுவில் ஊற்றி, பழைய பிளாஸ்டிக் அட்டையால் விளிம்பை நோக்கி இழுங்கள். பிறகு டாய்லெட் பேப்பர் உருளையை அதன் மேல் ஒரு முறை உருட்டி, நனைந்த சுற்றைக் கிழித்துப் போட்டு மறுபடி உருட்டுங்கள். துணியின் நெசவு கண்ணுக்குத் தெரிய வேண்டும், மேற்பரப்பு மினுமினுக்கக் கூடாது. மினுமினுத்தால் அங்கே வேண்டாத ரெசின் நிற்கிறது என்று அர்த்தம். அடுத்து அடிக்கும் பிரைமரில் முக்கால்வாசியை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். நெசவின் குழிகளை நிரப்புவது மட்டுமே அதன் வேலை. எல்லாம் சேர்த்து 250 கிராமுக்குள் முடிந்தால் நல்ல கை. ரிவெட்டுகளை ஊசியில் வெள்ளைப் பசைத் துளியாக வைக்கலாம். ஆனால் முதல் விமானத்தில் காக்பிட்டைச் சுற்றியும் இறக்கையின் அடிப்பகுதியிலும் மட்டும் வையுங்கள். இன்னொன்று: பொதுவாக ‘ஒரு ஹரிகேன்’ என்று வர்ணம் பூசாதீர்கள். நல்ல புகைப்படங்கள் கிடைக்கும் ஒரே ஒரு குறிப்பிட்ட விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். வண்ணங்களை அசலைவிட ஒரு பங்கு வெளுப்பாகக் கலந்தால்தான் சின்ன விமானத்தில் கண்ணுக்கு இயல்பாகத் தெரியும்.

முதல் பறத்தலுக்கு சி.ஜி. முன்விளிம்பிலிருந்து சராசரி இறக்கை அகலத்தில் 25 சதவீதத்தில் இருக்கட்டும். எலிவேட்டர் மேலும் கீழும் 10 மி.மீ., 30 சதவீத எக்ஸ்போ (குச்சியின் நடுப்பகுதி அசைவை மென்மையாக்கும் ரேடியோ அமைப்பு). ஏலரான் மேலே 12, கீழே 7 மி.மீ.; இந்த வித்தியாசம்தான் நுனி கைவிடுவதைத் தாமதப்படுத்தும். த்ராட்டிலை ஐந்து எண்ணும் நேரத்தில் முழுதாகத் திறங்கள். தொடக்கத்தில் எலிவேட்டரைக் கொஞ்சம் இழுத்து வால் சக்கரத்தைத் தரையில் அழுத்தி வையுங்கள். ஓட்டம் சீரானதும் விட்டுவிடுங்கள், வால் தானே எழும். வலது ரட்டரில் விரல் இருக்கட்டும். அப்புறம் இழுக்காதீர்கள், விமானம் தானாகத் தரையை விடட்டும். 80, 100 மீட்டர் உயரம் போனதும் சக்கரம் இறக்கி, ஃப்ளாப் (மெதுவாகப் பறக்க உதவும் இறக்கை மடல்) இருந்தால் அதையும் போட்டு, வேகத்தைக் குறைத்துக் குறைத்து எப்போது, எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துவிடுங்கள். தரையிறங்கும் வேகம் அதற்கு மேல் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது அந்த ஒரு சோதனையில் தெரிந்துவிடும். இறங்கும்போது சக்கரம் தரை தொடும்வரை கொஞ்சம் த்ராட்டில் விட்டுவைப்பது போர்விமானங்களுக்கு எழுதப்படாத சட்டம்.

அடுத்தடுத்து முன்னேற வேண்டுமென்றால் ஒரு விமானத்தில் ஒரு புதிய சிரமம் மட்டும். ஹரிகேனில் ரிட்ராக்ட். அதற்கடுத்ததில் பிளவு ஃப்ளாப். மூன்றாவதாக ஸ்பிட்ஃபயர். ஒரு நோட்டில் பாகம் பாகமாக எடையை எழுதுங்கள்: கட்டிய இறக்கை இத்தனை, கண்ணாடித் துணிக்குப் பின் இத்தனை, பெயின்டுக்குப் பின் இத்தனை. இரண்டாவது விமானத்தின் வால் தராசில் ஏறும்போது முதல் விமானத்தின் எண் பக்கத்தில் இருந்தால், ஈயம் வைக்கும் கட்டம் வருவதற்கு முன்பே தவறு தெரிந்துவிடும்.

பழைய ஸ்பிட்ஃபயரிலிருந்து எடுத்துப் பயன்படுத்துவதாக இருந்தால்: மோட்டாரின் தண்டைக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள், தத்தினால் தண்டை மாற்றுங்கள். சர்வோக்களை ஒவ்வொன்றாக முழு வீச்சுக்கு மெதுவாக ஓட்டுங்கள். எங்காவது ஒரு பல் தடுக்கினால் அது டேக்-ஆஃபுக்கு லாயக்கில்லை. மூக்கில் இருந்த லிபோ பேட்டரியின் மூலை நசுங்கியிருந்தாலோ, உப்பியிருந்தாலோ, அது நன்றாகவே சார்ஜ் ஏறினாலும் சரி, விமானத்துக்குள் திரும்ப வைக்காதீர்கள்.