சொந்தத்தில் கட்டியதால்தான் கரு தங்கவில்லையா?

கேள்வி: எனக்கு 31 வயது. அத்தை மகனைக் கல்யாணம் செய்திருக்கிறேன். இரண்டு முறை எட்டு, ஒன்பது வாரத்திலேயே கரு கலைந்துவிட்டது. 'ஜெனடிக் காரணமாக இருக்கலாம்' என்றார் டாக்டர். அதிலிருந்து, சொந்தத்தில் கட்டியதுதான் தப்பு என்கிறார் அப்பா. நான் ஸ்கூட்டர் ஓட்டியதுதான் காரணம் என்கிறார் அத்தை. எது உண்மை?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: ஸ்கூட்டர் ஓட்டியதால் கரு கலையாது. மாடிப்படி ஏறியதாலும் கலையாது. இதை அத்தையிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்கு மேல் குரோமோசோம் (மரபணுக்களைச் சுமக்கும் நுண்ணிய இழை) கோளாறு உள்ளவை. கருமுட்டையிலிருந்து 23, விந்தணுவிலிருந்து 23 என்று மொத்தம் 46 குரோமோசோம்கள் சேர வேண்டும். உங்கள் கருமுட்டைகளோ, நீங்கள் உங்கள் அம்மா வயிற்றில் இருக்கும்போதே உருவாகி, பாதிப் பிரிவில் அப்படியே நின்றவை. இத்தனை வருடம் கழித்து ஒரு மாதம் அதில் ஒன்று மீண்டும் பிரியும்போது, ஒரு குரோமோசோம் கூடுதலாக ஒட்டிக்கொண்டு வரலாம், அல்லது விட்டுப்போகலாம். 16-வது குரோமோசோம் எல்லாச் செல்களிலும் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருந்தால் அந்தக் கரு வளரவே வளராது. வயது கூடக் கூட இந்தப் பிழையும் கூடும். பெரும்பாலும் இது தற்செயலாக நடப்பது. யாரும் செய்ததும் இல்லை, பரம்பரையாக வந்ததும் இல்லை.

அப்புறம் அப்பா சொல்வது. உறவில் கட்டும்போது, இருவரிடமும் ஒரே மரபணுக் குறை மறைந்திருந்து குழந்தைக்கு இரட்டையாக வந்துசேரும் வாய்ப்பு அதிகம். தலசீமியா போன்ற நோய்கள் அப்படி வரலாம். அதனால் மரபியல் ஆலோசகரிடம் உங்கள் உறவுமுறையைக் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் குரோமோசோம் எண்ணிக்கை தவறுவதற்கு அத்தை மகனைக் கட்டியது காரணமில்லை.

இரண்டு முறை கலைந்துவிட்டதால் இனி பரிசோதனை செய்வதுதான் சரி. இதில் எனக்கு உள்ள பெரிய வருத்தம், பெண்ணை மட்டும் லேபுக்கு அனுப்புவது. குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருப்பது கணவரிடமும் இருக்கலாம். அவருக்கு வெளியில் ஒரு குறையும் தெரியாது. திரும்பத் திரும்பக் கலையும் நூறு தம்பதிகளில் மூன்று, நான்கு பேரிடம் இப்படி இருக்கும். இருவரும் ரத்தம் கொடுத்து, குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் காட்டும் 'கேரியோடைப்' சோதனை பாருங்கள். அப்படி இடம் மாறியிருப்பது தெரிந்தாலும் கவலை வேண்டாம், அப்படி உள்ளவர்களுக்கும் நல்ல குழந்தை பிறக்கிறது.

கூடவே உங்களுக்குத் தைராய்டு, சர்க்கரை, ரத்தம் உறையும் தன்மைக்கான ஆன்டிபாஸ்போலிப்பிட் சோதனை, கர்ப்பப்பை ஸ்கேன் ஆகியவையும் வேண்டும். இவற்றுக்கெல்லாம் மருந்தோ சிகிச்சையோ உண்டு.

இன்னொன்று. நடக்கக் கூடாது, ஒருவேளை மறுபடி கலைந்தால் அந்தத் திசுவைக் குரோமோசோம் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். சலைனில் (மருத்துவ உப்புநீர்) போட்டு அனுப்ப வேண்டும். பழக்கத்தில், திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் செல்கள் செத்துவிடும், வளர்த்துப் பார்க்க முடியாது. கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யும் முன்பே உங்கள் கணவர் டாக்டரிடம் இதைக் கேட்டு வைக்கட்டும்.

இரண்டு முறை கலைந்தவர்களில் பெரும்பாலானோர் அடுத்து நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். ரிசல்ட் வரட்டும், அதற்குள் ஃபோலிக் ஆசிட் மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள்.