கியர்பாக்ஸை மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

கேள்வி: என் ஆட்டோமேட்டிக் கார் ஓடும்போதே மூன்றாவது கியரில் சிக்கிக்கொள்கிறது. ஸ்பீடோமீட்டர் முள்ளும் சில சமயம் பூஜ்யத்துக்கு விழுகிறது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. ஸ்கேனரில் பி0720 என்ற கோளாறுக் குறியீடு வந்தது. கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். வேறு வழி உண்டா?

பதில்: அவுட்புட் ஸ்பீடு சென்சார், அதாவது கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் தண்டின் வேகத்தை அளக்கும் சென்சார், அதன் சர்க்யூட்டில் கோளாறு என்பதுதான் பி0720. கியர்பாக்ஸ் போச்சு என்று அது சொல்லவே இல்லை! வேகத் தகவல் வராததால் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக ஒரே கியரில் பூட்டிவிடுகிறது. சென்சார்தான் கெட்டது என்றும் முடிவுகட்ட வேண்டாம்.

முதலில் பேட்டரி. இன்ஜின் ஓடாதபோது 12.4 வோல்ட்டுக்குக் குறைந்தால் சார்ஜ் செய்து மறுபடி ஸ்கேன் பண்ணுங்கள். அடுத்து சென்சார் கனெக்டர். உள்ளே எண்ணெய்க் கசிவோ பச்சை பூத்த உலோக ஊசியோ (பின்) இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள். பல வண்டிகளில் வேலை இதோடு முடிந்துவிடும்.

இரண்டு ஒயர் சென்சாரா? மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) பாருங்கள். பெரும்பாலும் சில நூறிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் காட்டும். உங்கள் மாடலுக்கான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ரீடிங்கே வராவிட்டால் சென்சாருக்குள் இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) அறுந்துவிட்டது. சூடானால் மட்டும் அறுபடுகிற காயிலும் உண்டு. அதனால் அரை மணி ஓட்டிவிட்டு இன்னொரு தரம் அளந்து பாருங்கள். மூன்று ஒயர் என்றால் பெரும்பாலும் ஹால் வகை, அதாவது காந்தப்புல மாற்றத்தை மின்சிக்னலாக்கும் சென்சார். அதில் ஓம் பார்ப்பது வீண். சப்ளை வோல்டேஜும், சக்கரம் சுழலும்போது மாறும் சிக்னலும் வருகிறதா என்றே பார்க்க வேண்டும்.

கழற்றினால் காந்த முனையைக் கவனியுங்கள். மெல்லிய சாம்பல் நிறப் பசை இயல்பு, துடைத்தால் போதும். உலோகச் சில்லுகள் ஒட்டியிருந்தால் மட்டும் மெக்கானிக் சொன்னதில் விஷயமிருக்கிறது.